யார் கடல் என்று முடிவாகும் முன்பே

1993இல் கனடா அரசும் ஹைடா மக்களும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் இரண்டு பத்திகள் அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. இந்தத் தீவுகள் ஹைடா நிலம், இவற்றின் உரிமையும் ஆளுகையும் வழிவழியாக எங்களுக்கே என்று ஒரு பத்தியில் ஹைடா நாட்டு மன்றம் சொல்கிறது. பக்கத்துப் பத்தியில், இவை முடியரசுக்குச் சொந்தமானவை, கனடா நாடாளுமன்றத்தின் சட்டத்துக்கு உட்பட்டவை என்று அரசு சொல்கிறது. ஒன்று உண்மையானால் மற்றது பொய். ஆனாலும் இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன, அதன் கீழ் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நம் காலத்து அரசியல் ஆவணங்களில் இவ்வளவு துணிச்சலானவை குறைவு என்றே நினைக்கிறேன்.

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், அலாஸ்காவுக்குச் சற்றுத் தெற்கே, 150க்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்தது ஹைடா குவாய். 1862இல் பரவிய பெரியம்மை அந்த மக்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்களின் வழிவந்தவர்கள் 1985இல் லையல் தீவின் மரம்வெட்டுச் சாலையை மறித்து நின்றார்கள். வயது முதிர்ந்த பெரியவர்கள் உட்பட 72 பேர் கைதானார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் தெற்குத் தீவுகள் குவாய் ஹானாஸ் என்ற பெயரில் பாதுகாப்புப் பகுதியாயின, எட்டு ஆண்டுகள் கழித்து மேற்சொன்ன ஒப்பந்தமும் வந்தது. 2010இல் சுற்றியுள்ள கடலில் ஏறத்தாழ 3,400 சதுர கிலோமீட்டர் அதனுடன் சேர்ந்தது.

இதை நடத்துவது தீவுக்கூட்ட மேலாண்மை வாரியம். இப்போது அதில் ஆறு பேர்: மூவர் ஹைடா தரப்பு, மூவர் அரசுத் தரப்பு. வாக்கெடுப்பு கிடையாது, ஒருமித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒருமிக்கவில்லை என்றால் அந்த முடிவும் அதைச் சார்ந்த வேலையும் அப்படியே நிற்கும். விஷயம் ஹைடா மன்றத்துக்கும் கனடா அரசுக்கும் மேலே போகும். ஒரு தரப்பு மறு தரப்பை ஓரங்கட்டிவிட்டுத் தானே முடிவெடுத்துக்கொள்ள இந்த ஏற்பாட்டில் வழியில்லை.

பங்காளிகள் இருவர் நிலத்துக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். அதே வேளையில் பொதுக்கிணற்றுத் தண்ணீரை நாள் முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டும் இருப்பார்கள். வழக்கு முடியும்வரை பயிர் காத்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும். குவாய் ஹானாஸ் ஏற்பாட்டின் அடிப்படையும் இதுதான். உரிமை வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும், அதற்குள் காட்டையும் கடலையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் காட்டுக்குப் பொருந்திய விதி மீனுக்கு அப்படியே பொருந்துவதில்லை. வெட்டாமல் விட்ட மரம் அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும், அதனால் ‘முடிவு எட்டும்வரை எல்லாம் நிற்கட்டும்’ என்ற விதியில் காட்டுக்கு நட்டமில்லை. மீனுக்குப் பருவம் உண்டு. மார்ச் வந்தால் மீன் கரைக்கு வந்துவிடும், படகுகள் துறைமுகத்தில் காத்திருக்கும். திறப்பதா மூடுவதா என்று யாராவது ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் கனடாவின் மேற்குக் கரை நாற்பது ஆண்டுகளாகச் சண்டையிட்டுவருகிறது. அதை விளங்கிக்கொள்ள ஹெர்ரிங் என்னும் சிறு மீனின் கதையை எடுத்துக்கொள்வதுதான் எளிது.

ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவு. கூட்டம் கூட்டமாகத் திரியும், கொழுப்பு மிகுந்தது, திமிங்கிலம் முதல் கடற்பறவைவரை எல்லாவற்றுக்கும் இரை. வசந்தத்தின் தொடக்கத்தில் முட்டையிடுவதற்காகக் கரையோர ஆழமற்ற நீருக்கு வரும். ஒரு பெண் மீன் ஏறத்தாழ 20,000 முட்டை இடும். ஆண் மீன்கள் வெளியிடும் விந்தால் கிலோமீட்டர் கணக்கில் கடல் பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும். முட்டைகள் ஒட்டும் தன்மை உள்ளவை. கடற்புல், பாறை, கெல்ப் என்னும் பெரும் கடற்பாசி என்று எதன் மீது பட்டாலும் அடுக்கடுக்காகப் படியும், இரண்டு மூன்று வாரங்களில் பொரிக்கும். சால்மன் இனங்களில் பெரும்பாலானவை ஒருமுறை முட்டையிட்டுச் செத்துவிடும். ஹெர்ரிங் அப்படியல்ல, கடலுக்குத் திரும்பிப் போய் அடுத்த ஆண்டும் வரும்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் ஒரு முழு வாழ்க்கைமுறையே அடங்கியிருக்கிறது. ஹைடா, ஹெய்ல்ட்சுக் முதலிய மக்கள் மீனைப் பிடிப்பதைவிட முட்டையைத்தான் அதிகம் நாடினார்கள். கெல்ப் இலைகளையோ ஹெம்லாக் மரக் கிளைகளையோ மீன் வரும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். முட்டை படிந்த பாசியை எடுத்து உண்பார்கள், உலர்த்துவார்கள், உள்நாட்டு மக்களுக்கு விற்பார்கள். ஹைடா மொழியில் அதற்கு காவ் என்று பெயர். அறுவடை முடிந்த பிறகும் மீன் உயிரோடு இருக்கும், அதுதான் இந்த முறையின் சிறப்பு.

இருபதாம் நூற்றாண்டின் மீன்பிடித் தொழில் வேறு விதமாக யோசித்தது. 1930களிலிருந்து சுருக்குமடி வலைகளால் ஹெர்ரிங்கை அள்ளி எண்ணெயும் மீன் மாவும் ஆக்கினார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியக் கரையில் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. சில ஆண்டுகளில் மீன்வளம் சரிந்தது. 1967இல் அரசு அந்தத் தொழிலை மூடியது. மீன் ஓரளவு மீண்டதும் 1972இல் புதிய தொழில் தொடங்கியது. இம்முறை இலக்கு பெண் மீனின் வயிற்றிலுள்ள சினை. ஜப்பானியர் புத்தாண்டு விருந்தில் விரும்பி உண்ணும் பண்டம் அது. முட்டையிடுவதற்குச் சற்று முன்பே மீனைப் பிடித்தால்தான் சினை கிடைக்கும். ஆக ஒரே மீன், ஒரே விரிகுடா, ஒரே வாரம்: ஒரு தரப்பு மீன் முட்டையிடட்டும் என்று காத்திருக்கிறது, மறு தரப்பு அதற்குள் அதைப் பிடித்தாக வேண்டும்.

சட்டம் இதற்குள் மெதுவாக மாறிவந்தது. 1982இல் கனடா அரசமைப்பின் 35ஆம் பிரிவு தொல்குடிகளின் உரிமைகளை உறுதிசெய்தது. 1990இல் ஸ்பாரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரிசையைச் சொன்னது: முதலில் மீன்வளப் பாதுகாப்பு, அதற்கடுத்துத் தொல்குடிகளின் உணவுக்கும் சடங்குக்கும் தேவையான மீன், பிறகுதான் மற்றவர்கள். 1996இல் கிளாட்ஸ்டன் வழக்கில், முட்டை படிந்த கெல்ப்பை விற்பது ஹெய்ல்ட்சுக் மக்களின் உரிமை என்று அதே நீதிமன்றம் ஏற்றது. வெள்ளையர் வருவதற்கு முன்பே அவர்கள் அதைப் பெரிய அளவில் வாணிகம் செய்துவந்தார்கள் என்பது அங்கே நிரூபணமானது. 2004இல் ஹைடாக்கள் தொடுத்த வழக்கில், உரிமை இன்னும் நிரூபிக்கப்படாத நிலையிலும் அரசு அவர்களைக் கலந்தாலோசித்தாக வேண்டும் என்ற கடமை பிறந்தது.

கலந்தாலோசிப்பது வேறு, ஒருமித்து முடிவெடுப்பது வேறு. ஆலோசனையில் அரசு கேட்டுக்கொள்ளும், பிறகு தான் நினைத்ததைச் செய்யலாம். 1868இலிருந்து கனடாவின் மீன்வளச் சட்டம் அமைச்சருக்குத் தந்துவரும் தன்விருப்ப அதிகாரம் மிகப் பெரியது. அந்த அதிகாரம் என்ன செய்யும் என்பது 2014இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஹைடா குவாய், மத்தியக் கரை, வான்கூவர் தீவின் மேற்குக் கரை ஆகிய மூன்று இடங்களிலும் ஹெர்ரிங் வணிகம் பல ஆண்டுகளாக மூடிக் கிடந்தது. அந்த ஆண்டும் மூடியே இருக்கட்டும் என்று மீன்வளத் துறையின் அதிகாரிகளே பரிந்துரைத்திருந்தார்கள். அமைச்சர் திறக்கச் சொன்னார். வான்கூவர் தீவின் மேற்குக் கரைத் தொல்குடிகளான நூ-சா-நுல்த் மக்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு ஹைடாக்களும் தடை வாங்கினார்கள். 2015 மார்ச் இறுதியில் ஹெய்ல்ட்சுக் மக்கள் மத்தியக் கரையில் தங்கள் ஊரான பெல்லா பெல்லாவுக்கு எதிரே டென்னி தீவிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான்கு நாள் கழித்து, அந்தப் பருவத்தில் அங்கே செவுள் வலை போடுவதில்லை என்று ஆன பிறகுதான் வெளியே வந்தார்கள்.

2016இல் அதே மத்தியக் கரையில் ஹெய்ல்ட்சுக் நாடும் துறையும் சேர்ந்து ஒரு கூட்டு மேலாண்மைத் திட்டம் வகுத்தார்கள். அலுவலக முற்றுகைக்கும் இதற்கும் இடையில் ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. பேச்சு மேசை தானாக விரிவதில்லை. தனியாக முடிவெடுப்பதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று வலிமையுள்ள தரப்பு உணர்ந்த பிறகுதான் விரிகிறது.

மேசைக்கு வந்த பிறகு என்ன செய்வது? அறிவியலுக்கு இங்கேதான் உண்மையான வேலை. ‘மீன் எவ்வளவு இருக்கிறது’ என்ற கேள்விக்கே இரு தரப்புக்கும் இரண்டு விடை இருந்தால் பேச்சு நகராது.

ஹெர்ரிங்கை நேராக எண்ண முடியாது, அது இட்ட முட்டையைத்தான் எண்ணுகிறார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கி, முட்டை படிந்த பரப்பின் நீளம், அகலம், எத்தனை அடுக்கு என்று அளக்கிறார்கள். ஒரு டன் மீனுக்கு ஏறத்தாழ 10 கோடி முட்டை என்ற கணக்கில் அதை மீனின் எடையாக மாற்றுகிறார்கள். இதுவரை சிக்கலில்லை. அடுத்ததுதான் கேள்வி: கண்ணில் பட்ட முட்டைதான் மொத்த முட்டையா, இல்லை, ஒரு பகுதியா? பறவைகள் தின்றது, அலை அடித்துப்போனது, யாரும் போய்ப் பார்க்காத சிறு விரிகுடாவில் கிடந்தது எல்லாம் கணக்கில் வரவில்லையே. ‘அளந்ததுதான் மொத்தம்’ என்று வைத்துக்கொண்டால் மீன்வளம் சிறியதாகத் தெரியும். ‘அளந்தது ஒரு பங்குதான்’ என்றால் பெரிதாகும். துறையின் அறிவியலாளர்கள் இரண்டு அனுமானங்களையும் வைத்து இரண்டு மாதிரிகள் ஓட்டிப் பார்த்தார்கள். அதே கடல், அதே அளவீடு, ஆனால் விடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு. எந்த அனுமானத்தை எடுப்பது என்பதில் அறிவியல் பாதிதான் சொல்ல முடியும். தவறு நேர்ந்தால் எந்தப் பக்கம் நேரலாம் என்பதுதான் மீதிப் பாதி. அது இரு தரப்பும் சேர்ந்து ஏற்க வேண்டிய முடிவு.

‘முன்பு எவ்வளவு இருந்தது’ என்பது இதைவிடக் கடினம். மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் எவ்வளவு மீன் இருக்கும் என்று மதிப்பிட்டு, அதில் 30 விழுக்காட்டை ஆபத்துக் கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் மீள்வது கடினம். இந்த மதிப்பீடு 1951இல் தொடங்கும் தரவுகளில் நிற்கிறது. ஆனால் 1951க்கு முன்பே இருபது ஆண்டுகளாக வலைகள் அள்ளிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே குறைந்துபோன ஒன்றை ‘இயல்பு’ என்று எடுத்துக்கொண்டால், அதிலிருந்து வரும் கோடும் தாழ்வாகவே விழும். தங்கள் தாத்தா பாட்டி பார்த்த கடல் இதுவல்ல என்று பெரியவர்கள் சொன்னதை அந்தக் கால அதிகாரிகள் பழங்கதையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

2014இல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் பழங்கதைக்கு எலும்பால் சான்று சொன்னது. வாஷிங்டன் முதல் அலாஸ்காவரை 171 தொல்லியல் களங்களில் தோண்டியெடுத்த 4,35,777 மீன் எலும்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ எல்லாக் களங்களிலும் ஹெர்ரிங் இருந்தது. பல இடங்களில் மற்ற எந்த மீனையும்விட அதிகமாக இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த நிலை பெரிதும் மாறவில்லை என்பதுதான் முக்கியம். இயற்கையிலேயே ஏறி இறங்கும் மீன் இது, சரிவு வழக்கமானதுதான் என்ற வாதத்துக்கு அது பலத்த அடி.

இடம் பற்றிய பிணக்கும் இருந்தது. துறை இந்தக் கரையின் ஹெர்ரிங்கை ஐந்து பெரிய திரள்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒரு திரளின் மொத்தம் நன்றாக இருந்தால் பிடிப்பு அளவும் அந்த மொத்தத்துக்குத்தான். பெரிய படகுகள் மீன் எங்கே கூடுகிறதோ அங்கே போய் அள்ளும். ஆனால் சிறு படகு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தன் ஊர் விரிகுடாதான் கடல். அந்த விரிகுடாவில் முட்டையிடல் நின்றுபோனால், 100 கிலோமீட்டருக்கு அப்பால் மீன் நிறைந்திருப்பதால் அவர்களுக்குப் பயனில்லை. மொத்தத்தை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. முதிய மீன்கள்தான் இளைய மீன்களுக்கு முட்டையிடும் இடத்தைக் காட்டுகின்றன, அவற்றைப் பிடித்துவிட்டால் மீன் வழி மறந்துவிடும் என்று தொல்குடிப் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். இளைய மீன் மூத்த மீனைப் பின்தொடர்ந்து வழி கற்கிறது என்ற கருதுகோளை இப்போது மீனியலாளர்கள் கணித மாதிரிகளில் வைத்து ஆராய்கிறார்கள். அப்படிக் கற்கும் மீனுக்கு ஓர் இடத்தில் ஏற்படும் வெறுமை நெடுநாள் நீடிக்கும் என்பது அந்த மாதிரிகளிலிருந்து தெரிகிறது.

இவ்வளவு நிச்சயமின்மையை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பு எப்படி ஒரே முடிவுக்கு வரும்? இதற்கு மேலாண்மை உத்தி மதிப்பீடு என்றொரு வழிமுறை பத்தாண்டுகளாகக் கைகொடுத்துவருகிறது. இதில் ‘இந்த ஆண்டு எத்தனை டன்’ என்ற பேச்சை எடுப்பதில்லை. முதலில் குறிக்கோள்களை எழுதுகிறார்கள்: எது நடக்கவே கூடாது, எது வேண்டும், எந்த அளவு உறுதியோடு வேண்டும். ஹெர்ரிங்குக்கு எழுதிய முதல் குறிக்கோள், மூன்று தலைமுறைக் காலத்தில், அதாவது 15 ஆண்டுகளில், மீன்வளம் ஆபத்துக் கோட்டுக்கு மேலே இருக்கும் வாய்ப்பு குறைந்தது 75 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது. அடுத்து, பல பிடிப்பு விதிகளை எடுத்துக்கொள்கிறார்கள்: மீனில் 20 விழுக்காடு பிடிப்பது, 10 விழுக்காடு பிடிப்பது, ஓர் உச்சவரம்பு வைப்பது, ஒன்றுமே பிடிக்காதிருப்பது. பிறகு கணினியில் பல கடல்களை உருவாக்குகிறார்கள். ஒன்றில் இயற்கை இறப்பு அதிகம், மற்றொன்றில் குறைவு. ஒன்றில் அளந்த முட்டை மொத்தம், இன்னொன்றில் அது ஒரு பங்கு. ஒவ்வொரு விதியையும் ஒவ்வொரு கடலிலும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, கருத்து வேறுபாடு எங்கே போய் உட்காருகிறது என்பதுதான். ‘உன் கணக்கு தப்பு’ என்று ஒருவர் சொன்னால், அவருடைய கணக்கும் ஒரு கடலாக உள்ளே போகிறது. இரண்டு கடல்களிலும் தாக்குப்பிடிக்கும் விதி கிடைத்தால், யார் கணக்கு சரி என்று முடிவாகாமலே இருவரும் அந்த விதியை ஏற்கலாம். அது எட்டாதபோதும், எந்த அனுமானத்தில் முரண்படுகிறோம் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். குறிக்கோளை எழுதும் இடத்தில் தொல்குடிகள் இருந்தால்தான் இதற்குப் பொருள். விதிகள் தேர்வான பிறகு கருத்துக் கேட்டால் பழைய கலந்தாலோசனையே புது வேடத்தில் வரும்.

ஹைடா குவாய் ஹெர்ரிங்குக்கு இந்த மதிப்பீட்டைச் செய்தபோது கிடைத்த விடை கசப்பானது. சோதித்த எந்த விதியாலும் அந்த 75 விழுக்காட்டை எட்ட முடியவில்லை. ஒரு மீன்கூடப் பிடிக்காமல் விட்டாலும் எட்டவில்லை. மீன்வளம் அவ்வளவு தாழ்ந்து, அவ்வளவு காலமாக மந்தமாகவே கிடக்கிறது. இரைதின்னிகள் பெருகியதா, கடலின் உணவுச் சங்கிலி மாறியதா என்று காரணங்கள் பல பேசப்படுகின்றன. இந்த விடையை ஒரு தரப்பு மட்டும் சொல்லியிருந்தால் மறு தரப்பு ஐயப்பட்டிருக்கும். 2019இல் மீன்வளச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆபத்துக் கோட்டுக்குக் கீழே போன முக்கிய மீன்வளங்களுக்கு மீட்புத் திட்டம் கட்டாயமாயிற்று. ஹைடா குவாய் ஹெர்ரிங்கின் மீட்புத் திட்டத்தை ஹைடா மன்றம், மீன்வளத் துறை, கனடா தேசியப் பூங்காத் துறை மூன்றும் சேர்ந்து எழுதின.

நண்டுக் கதை வேறு பாடம் சொல்கிறது. மத்தியக் கரையில் டங்ஜெனெஸ் நண்டு ஒரு முக்கிய உணவு. பெண் நண்டைப் பிடிக்கக் கூடாது, 165 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆண் நண்டைப் பிடிக்கக் கூடாது என்று அரசு விதி. இனப்பெருக்கம் நடந்துகொண்டே இருக்கும், எனவே கவலை இல்லை என்பது அதன் தர்க்கம். ஆனால் தொல்குடி ஊர்களில் கூண்டுகள் காலியாக வந்துகொண்டிருந்தன. இனம் அழியவில்லை, உண்மைதான். சாப்பாட்டுக்கு நண்டில்லையே! எது ‘நலமான’ மீன்வளம் என்பதில் இரு தரப்பின் அளவுகோலே வேறு என்பது அப்போதுதான் புலப்பட்டது.

ஹெய்ல்ட்சுக், கிடாசூ-கைகைஸ், நுஹால்க், வுய்கினுக் என்னும் நான்கு நாடுகள் 2014இல் தங்கள் சொந்தச் சட்டத்தின்படி சில விரிகுடாக்களை மூடின. மூடியதோடு விடவில்லை, மூடிய இடத்திலும் திறந்த இடத்திலும் ஒரே முறையில் கூண்டு போட்டு அளந்தார்கள். மூடிய இடங்களில் சில மாதங்களிலேயே பெரிய ஆண் நண்டுகளின் எண்ணிக்கையும் உடல் அளவும் கூடின, திறந்த இடங்களில் குறைந்தன. 2016இல் இது ஆய்விதழில் வெளியானது. அதன் பிறகு துறையுடனான பேச்சின் தொனி மாறியது. தொல்குடி அறிவை அறிவியலோடு ‘சேர்ப்பது’ என்று கருத்தரங்குகளில் அடிக்கடி பேசுகிறார்கள். அது யாரோ ஒருவர் இன்னொருவரின் அறிவைத் தன் பெட்டிக்குள் போட்டுக்கொள்வதாகவே பெரும்பாலும் முடிகிறது. இங்கே கேள்வியை எழுப்பியவர்களும் தொல்குடிகள், சோதனையை வடிவமைத்து நடத்தியவர்களும் அவர்கள் தரப்பு அறிவியலாளர்கள். அதற்குச் சொந்தமாக ஆய்வாளர்களும் படகும் பணமும் வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு துறையே ஆய்வகங்களோடு உட்கார்ந்திருக்க, எதிரே ஊர்த் தலைவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால், அங்கே எட்டும் ஒருமித்த முடிவை நான் நம்ப மாட்டேன்.

முடிவு எட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் வேறொரு விடை வைத்திருக்கிறது. 1850களின் ஒப்பந்தங்களில், மற்ற குடிகளோடு சேர்ந்து மீன்பிடிக்கும் உரிமையைத் தொல்குடிகள் தங்களிடமே வைத்துக்கொண்டிருந்தார்கள். மாநிலம் அதை மதிக்கவில்லை. நிஸ்க்வாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃப்ராங்க் ஜூனியர் தன் ஆற்றில் மீன் பிடித்ததற்காக 50 முறைக்கு மேல் கைதானார். 1974இல் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் அதன் சாரத்தை உறுதிசெய்தது. பத்தாண்டுகள் நீதிமன்றத்தில் மோதிக் களைத்த பிறகு, 1980களில் மாநிலமும் தொல்குடிகளும் ஆண்டுதோறும் சேர்ந்து உட்கார்ந்து சால்மன் பருவத்தைத் திட்டமிடத் தொடங்கினார்கள். இரு தரப்பின் அறிவியலாளர்களும் ஒரே மாதிரியில் ஒரே எண்களைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

2016இல் அந்தப் பேச்சு முறிந்தது. கோஹோ சால்மன் வரத்து மிகக் குறைவாக இருக்கும் என்று கணித்திருந்தார்கள், யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று உடன்பாடு ஏற்படவில்லை. அருகிவரும் மீன்களைப் பாதுகாக்கும் கூட்டரசுச் சட்டத்தின் அனுமதி கூட்டுத் திட்டத்துக்குத்தான் வழக்கமாகக் கிடைத்துவந்தது. கூட்டுத் திட்டம் இல்லாததால் மே மாதத்தில் பியூஜெட் சவுண்ட் பகுதியில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு மூடப்பட்டது. தூண்டிலோடு வந்தவர்கள் கொதித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் உடன்பாடு வந்தது.

மூன்று இடங்கள், மூன்று விதிகள். குவாய் ஹானாஸில் முடிவு எட்டாவிட்டால் வேலை நிற்கும். வாஷிங்டனில் முடிவு எட்டாவிட்டால் வழக்கமான கூட்டரசு அனுமதி கிடைக்காது. கனடாவின் ஹெர்ரிங்கில் முடிவு எட்டாவிட்டால் அமைச்சர் முடிவெடுப்பார். முதல் இரண்டிலும் பேசாமல் இருப்பதால் ஒருவருக்கும் லாபமில்லை. மூன்றாவதில் ஒரு தரப்புக்கு எப்போதும் ஒரு பின்கதவு திறந்திருக்கிறது. மேசையில் எவ்வளவு நல்ல அறிவியல் இருந்தாலும், எவ்வளவு நல்ல மனிதர்கள் உட்கார்ந்திருந்தாலும், அந்தக் கதவு இருக்கும்வரை பேச்சின் எடை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

அமைச்சர் தரப்பிலும் நியாயம் உண்டு. அவர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். உரிமம் வாங்கி, கடன்பட்டுப் படகு வைத்திருக்கும் மீனவர்கள் இந்த இருதரப்பு மேசையில் இல்லை, அவர்களுக்காக யாராவது பேச வேண்டும். அவர்களில் தொல்குடி மீனவர்களும் உண்டு. மூடிய பருவம் அவர்கள் வீட்டு அடுப்பையும் அணைக்கிறது. ஆனால் 2014இல் அமைச்சர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியபோது சொந்தத் துறையின் பரிந்துரைக்கே எதிராகப் போனார். பொறுப்புக்கூறல் என்ற வாதம் அங்கே வலுவிழக்கிறது.

நிலம் சம்பந்தப்பட்டவரை அந்தப் பழைய இரு பத்திகளும் இப்போது நெருங்கிவந்திருக்கின்றன. ஹைடா குவாய் முழுவதும் ஹைடா நிலம் என்பதை 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2025 பிப்ரவரியில் கனடா அரசும் ஒப்பந்தம் மூலம் ஏற்றன. கடல் அந்த ஒப்பந்தங்களில் சேரவில்லை. இந்தச் சூழலில் ஹெர்ரிங் மீட்புத் திட்டத்தோடு இன்னொரு பத்தியும் சேர வேண்டும் என்பது என் கருத்து: ஹைடா மன்றமும் துறையும் உடன்படாத ஆண்டில் கடல் மூடியே இருக்கும், திறக்க வேண்டுமானால் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒரு மீனும் பிடிக்காமல் விட்டாலும் குறிக்கோளை எட்ட முடியாத நிலையில் கிடக்கும் ஒரு மீன்வளத்துக்கு இதைவிடக் குறைந்த காப்பு போதாது.